அளவு நாடாவின் கதை

செமஸ்டர் முடிந்துவிட்டது, ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு கட்டுரை. இந்த முறை தலைப்பு கிடைத்தது என் சொந்த முட்டாள்தனத்தால்!

அண்ணன் கல்யாண வரவேற்புக்காக அப்பா எனக்குக் கோட் துணி எடுத்திருந்தார். நல்ல விலை. ஊருக்குப் போய் அளவு கொடுக்க நேரமில்லை. ஹாஸ்டலில் ஒரு இஞ்சு டேப்பை வைத்து நானே அளந்து, எண்களை டெய்லரிடம் போனில் சொல்லிவிட்டேன். கோட் வந்தது. பட்டன் போட முடியவில்லை. கையைத் தூக்கினால் முதுகு இழுத்தது. அளக்கும்போது வயிற்றை எக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன் என்பது அப்புறம்தான் புரிந்தது. டேப்பில் ஒரு எண் தெரிந்ததும் அதுதான் என் உடம்பு என்று ஏன் நம்பினேன்? அதை யோசிக்கப் போய்த்தான் இந்த வரலாற்றுக்குள் நுழைந்தேன்.

எண் இல்லாத காலம்

18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தையல்காரர்களிடம் எண் போட்ட டேப் கிடையாது. ஒரு நீளமான காகிதப் பட்டைதான். மார்பைச் சுற்றிப் பிடித்து, முடியும் இடத்தில் கத்தரியால் சிறு வெட்டு. இடுப்புக்கு இன்னொரு வெட்டு. கை நீளத்துக்கு வேறொன்று. 1769இல் பாரிஸில் கார்சோ என்பவர் எழுதிய தையற்கலை நூலில் இந்த முறை விளக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பட்டை ஒரே ஒருவருக்குத்தான் பொருந்தும். 'இவருக்கு மார்பு எத்தனை?' என்று கேட்டால் பதில் கிடையாது. ஆனால் சட்டை சரியாக இருக்கும்.

நம் ஊரில் அம்மாக்கள் டெய்லரிடம் 'அளவு ஜாக்கெட்' கொடுப்பதும் கிட்டத்தட்ட இதேதான். எண்ணே சொல்லாமல் அளவைக் கொடுத்துவிடுகிறார்கள்.

எண் வந்த பிறகு

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குலமும் சென்டிமீட்டரும் குறித்த டேப் பரவியது. இது பெரிய மாற்றம். எண் இருந்தால் ஒருவர் உடம்பை இன்னொருவர் உடம்போடு ஒப்பிடலாம். மார்பளவு தெரிந்தால் தோள், முதுகு எல்லாவற்றையும் கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிடலாம் என்று தையல்காரர்கள் விதவிதமான சூத்திரங்களை எழுதினார்கள். 1863இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் எபினேசர் பட்டரிக் என்ற தையல்காரர் பல சைஸ்களில் காகித மாதிரிகளை விற்கத் தொடங்கினார். வீட்டிலிருந்தே பெண்கள் தைத்துக்கொள்ள அது வழி செய்தது. நன்மை பெரிதுதான். ஆனால் மார்பு 38 உள்ள இரண்டு பேரில் ஒருவர் கூன் போடுபவர், இன்னொருவர் நெஞ்சை நிமிர்த்தி நடப்பவர் என்றால் சூத்திரம் என்ன செய்யும்?

15,000 பெண்கள்

ரெடிமேட் உடை பெருகியபோது சிக்கலும் பெருகியது. அமெரிக்காவில் ஒவ்வொரு கம்பெனியும் ஒரு சைஸ் கணக்கு வைத்திருந்தது. தபாலில் வாங்கிய உடை பொருந்தாமல் திரும்பி வந்தது. அதனால் 1939-40இல் அந்நாட்டு விவசாயத் துறையின் வீட்டுப் பொருளியல் பிரிவு ஒரு பெரிய ஆய்வை நடத்தியது. ரூத் ஓ'பிரையன், வில்லியம் ஷெல்டன் இருவரும் முன்னின்றார்கள். ஏறத்தாழ 15,000 பெண்கள், ஒவ்வொருவருக்கும் 59 அளவுகள்! முடிவுகள் 1941இல் வெளிவந்தன.

இவ்வளவு உழைப்பிலும் ஒரு பெரிய ஓட்டை. வெள்ளையரல்லாத பெண்களின் அளவுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த ஆய்வையும் ஆதாரமாகக் கொண்டு 1958இல் அரசு தர அளவு வந்தது. கணக்கிலேயே இல்லாத பெண் கடைக்குப் போய் உடை பொருந்தவில்லை என்றால், தன் உடம்பில்தான் குறை என்று நினைத்திருப்பாள் இல்லையா? உண்மையில் குறை அட்டவணையில் இருந்தது. காலப்போக்கில் கம்பெனிகளும் அதைக் கைவிட, 1983இல் அந்தத் தர அளவே திரும்பப் பெறப்பட்டது. இன்றும் ஒரு கடையின் 'மீடியம்' இன்னொரு கடையில் 'லார்ஜ்' ஆவது இதனால்தான்.

அப்படியென்றால் எப்படி அளப்பது?

வரலாறும் என் கோட்டும் சேர்ந்து கற்றுத்தந்தவை இவை. உங்களை நீங்களே அளக்காதீர்கள், இன்னொருவர் அளக்கட்டும். கோட்டுக்குள் போடப்போகும் சட்டையைப் போட்டுக்கொண்டு, சாதாரணமாக மூச்சு விட்டபடி நில்லுங்கள். டேப் தரைக்கு இணையாக இருக்க வேண்டும், இறுக்கக் கூடாது. இடுப்பு எங்கே என்று சந்தேகமென்றால் பக்கவாட்டில் வளையுங்கள், மடியும் இடம்தான் இடுப்பு. அங்கே ஒரு கயிற்றைக் கட்டிவிட்டு அளக்கலாம். கை நீளத்துக்கு முழங்கையைக் கொஞ்சம் மடக்குங்கள். கால் நீளத்துக்கு, அன்று போடப்போகும் ஷூவோடு நில்லுங்கள். எல்லாவற்றையும் இரண்டு முறை அளந்து பாருங்கள்.

என் கோட் என்ன ஆனது என்கிறீர்களா? டெய்லர் மாமா ஓரத் தையலில் கூடுதல் துணி விட்டு வைத்திருந்தார். பிரித்துத் தைத்துக் கொடுத்தார். "போன்ல சொன்ன அளவை நான் எப்பவும் நம்புறதில்ல தம்பி" என்றார். அப்பாவின் காசு தப்பித்தது!