ஊதுவோர் நடுவே ஒருவர்: டிராம்போன் கன்செர்ட்டோவும் பெரிய மேளமும்

கல்லாவி வட்டாரத்துக் கல்யாண ஊர்வலங்களில் நாதஸ்வரமும் ஒலிக்கும், பேண்ட் செட்டும் ஒலிக்கும். இரண்டும் திறந்தவெளிக்கான இசை. உரத்த வாத்தியங்களுக்கு நடுவே ஒற்றைக் கலைஞர் எப்படித் தனித்துக் கேட்பார் என்ற சிக்கல் இரண்டுக்கும் உண்டு. பேண்ட் மரபு அதற்கு டிராம்போன் கன்செர்ட்டோவில், அதாவது தனி டிராம்போனுக்கும் பேண்டுக்குமான படைப்பில், ஒரு வழி கண்டது. நம் மரபு நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்த பெரிய மேளத்தில் வேறொரு வழி கண்டது.

ரஷ்யக் கடற்படை பேண்டுகளின் மேற்பார்வையாளராக இருந்த ரிம்ஸ்கி-கோர்சகோவ், டிராம்போனுக்கும் ராணுவ பேண்டுக்குமாக 1877இல் ஒரு கன்செர்ட்டோ எழுதினார். பத்து நிமிட அளவிலான சிறிய படைப்பு அது. நெதர்லாந்தின் யோகான் டே மெய் 1990களில் எழுதிய ‘டி-போன் கன்செர்ட்டோ’ இருபது நிமிடத்துக்கும் மேல் நீளும். அவரே டிராம்போன் பயின்றவர் என்பதால், அந்த வாத்தியத்தின் மூச்சறிந்து எழுத முடிந்தது.

டிராம்போனின் இழுகுழாய்க்கு ஏழு நிலைகள். நாதஸ்வரத்தில் விரல் வைக்க ஏழு துளைகள். இரண்டிலும் சுரங்களுக்கு இடையே வழுக்கிச் செல்லலாம். ஆனால் டிராம்போனின் ஒற்றை வழுக்கல் ஆறு அரைச்சுரங்களுக்கு மேல் போகாது. அதற்கப்பால் உதட்டை மாற்றி அடுத்த ஒலிக்குத் தாவ வேண்டும். நாதஸ்வரத்திலோ துளையைப் பாதி மூடியும், சீவாளியில் உதட்டின் பிடியையும் மூச்சையும் மாற்றியும் கமகத்தை இழைக்கிறார்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி அந்தக் கலையின் உச்சம்.

தனிக்குரலுக்கு இடம் ஒதுக்குவதில்தான் பெரிய வேறுபாடு. பேண்டிலும் டிராம்போன்கள் இருக்கின்றன; ட்ரம்பெட்டுகள் ஒன்றாக முழங்கினால் தனிக்கலைஞர் மூழ்கிவிடுவார். எனவே யார் எப்போது அடங்க வேண்டும் என்பதை இசையமைப்பாளர் முன்கூட்டியே தாளில் எழுதிவிடுகிறார். கலைஞர் முற்றிலும் தனியாக நிற்கும் கடென்சாவும் ரிம்ஸ்கி-கோர்சகோவ் படைப்பில் உண்டு. பெரிய மேளத்தில் ஒலியைவிடக் காலமே பங்கிடப்படுகிறது. ஆலாபனையின்போது நாதஸ்வரத்துக்கு ஒத்து என்ற சுருதி வாத்தியத்தின் ஆதாரச் சுருதி போதும். பிறகு தவில் முழு வலுவோடு எழும். தவிலின் தனி ஆவர்த்தனத்தில் நாதஸ்வரம் காத்திருக்கும். எவ்வளவு நேரம் விடுவது என்பதை மேடையிலேயே கலைஞர்கள் தீர்மானிக்கிறார்கள்.

கன்செர்ட்டோவின் பலம் துல்லியம்: ஐம்பது பேர் ஊதினாலும் மெல்லிய ஓர் இழை காதுக்கு எட்டும். மேளத்தின் பலம் நம்பிக்கை: ராகம் எங்கே விரியுமோ அங்கே விரியும். ஒன்றுக்கு மற்றது கற்றுத்தர வேண்டியது இதுவே. நம் பேண்ட் செட்டுகளில் டிராம்போன் பெரும்பாலும் பாட்டுக்குப் பின்னால் நின்று அடிநாதம் தரும் வாத்தியமாகவே இருக்கிறது. அதற்குத் தமிழில் ஒரு கன்செர்ட்டோ பிறக்க வேண்டும். அதில் பேண்டின் அடக்கம் தாளில் எழுதப்படட்டும். கடென்சாவின் இடத்தில் ஆலாபனைக்கு இடம் எழுதாமல் விடப்படட்டும். இழுகுழாயின் வழுக்கலுக்கு ராகத்தின் கமகம் அந்நியமல்ல. ஊதத் தெரிந்த இளைஞர்களும் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்காக எழுதும் கை வேண்டும்.