புது சைலன்சர், பழைய கார்

நம்ம ஊரில் இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் அந்த முழு பைப்புக்கும் பேர் சைலன்சர்தான். ஆனா புல்லட் வாங்கும் பையன் முதல் மாசமே என்ன செய்வான்? கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு, அதைவிடச் சத்தம் போடும் இன்னொரு ‘சைலன்சரை’ மாட்டுவான். இந்த வேடிக்கை நமக்கு மட்டுமே சொந்தம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இங்கிலாந்தில் ஒரு வீட்டு ஓனருக்குப் புகைபோக்கி பைப் தேர்ந்தெடுக்க உதவப் போய், இதற்கு நூறு வருஷத்துக்கு மேல் சரித்திரம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

சில வருஷம் முன்னால் ஒரு புராஜெக்டுக்காக ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் தங்கியிருந்தேன். வீட்டு ஓனர் ரிட்டயர் ஆன பெரியவர். அவரிடம் 1967-ஆம் வருஷத்து எம்ஜிபி ஜிடி ஒன்று இருந்தது. 1962-லிருந்து 1980 வரை, பக்கத்து ஊரான அபிங்டனில் தயாரான கார். 5 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இன்றைக்கும் பலருக்கு முதலில் நினைவு வருவது இதுதான்.

பழைய சைலன்சர் துருப்பிடித்து விழுந்ததும், ‘ஸ்போர்ட்ஸ்’ என்று போட்டு விற்ற ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் செட்டை வாங்கி மாட்டியிருந்தார். ஊருக்குள் ஓட்டும்போது கம்பீரமாக இருந்தது. ஆனா நெடுஞ்சாலையில் 60 மைல் வேகம் தொட்டால் காருக்குள் ‘உம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம், நிற்கவே நிற்காது. அவர் மனைவிக்குக் காது மெஷின் உண்டு. அந்த இரைச்சலில் மெஷினைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பேசாமல் உட்கார்ந்து வருவாராம். கொஞ்ச நாளில் கூட வருவதையே நிறுத்திவிட்டார். கல்யாணமான புதிதில் இருந்து இருவரும் சேர்ந்து போன கார் அது.

“நீ இன்ஜினியர்தானே, 1967-ல் இருந்த ஒரிஜினல் சத்தம் வர மாதிரி எதை வாங்கலாம்னு பார்த்துச் சொல்லு” என்றார். நான் பி.ஈ. படித்தது மெக்கானிக்கல், பிழைப்பது சாஃப்ட்வேரில். சரி என்று ஆரம்பித்தேன்.

ஒரிஜினல் என்று ஒன்று உண்டா?

முதலில் இடித்தது இந்தக் கேள்விதான். பழைய காரில் இன்ஜின் பிளாக் ஒரிஜினலாக இருக்கலாம், கதவு இருக்கலாம், சீட்டுத் தோல்கூட இருக்கலாம். புகைபோக்கி மட்டும் இருக்க வாய்ப்பே குறைவு. காரணம் வேதியியல். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்வதால் வரும் தண்ணீர் இது. பைப் நன்றாகச் சூடாகிவிட்டால் ஆவியாக வெளியே போய்விடும். கடைக்குப் போய்த் திரும்பும் சின்னப் பயணத்தில் பைப் சூடாவதே இல்லை. தண்ணீர் சைலன்சர் டப்பாவுக்குள் தங்கி, புகையில் வரும் அமிலங்களோடு சேர்ந்து இரும்பை உள்ளிருந்து அரிக்கும். வெளியே பளபளவென்று இருக்கும்போதே உள்ளே தடுப்புகள் உதிர்ந்து கிடக்கும்.

அதாவது சாதாரண இரும்பில் செய்த சைலன்சர், பிரேக் கட்டை மாதிரி தேய்ந்து தீரும் பொருள். சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். 1967-ல் அந்தக் கார் போட்ட சத்தம், அதன் முதல் பைப்போடு போய்விட்டது. பெரியவர் தேடிய ஒரிஜினல் எந்தக் கடையிலும் கிடைக்காது. அப்படியானால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? அந்த டப்பா காருக்கு ஏன் வந்தது என்று தேட ஆரம்பித்தேன்.

அக்கம்பக்கத்தார் வடிவமைத்த பைப்

லண்டனுக்குத் தென்மேற்கே சர்ரே மாவட்டத்தில் புரூக்லேண்ட்ஸ் என்று ஒரு பந்தயத் தளம். 1907-ல் திறந்தார்கள். கார் பந்தயத்துக்கென்றே கட்டப்பட்ட, வளைவுகள் சாய்வாக உயரும் முதல் கான்கிரீட் தளம். திறந்த கையோடு எஸ்.எஃப். எட்ஜ் என்பவர் நேப்பியர் காரை 24 மணி நேரம் இடைவிடாமல் ஓட்டிச் சாதனை செய்தார். சுற்றியிருந்த வீட்டுக்காரர்களுக்கு அந்த ராத்திரி தூக்கம் போனது. அவர்கள் எதிர்ப்பால் இரவுப் பந்தயமே அங்கே இல்லாமல் போனது.

இதனால்தான் 1929-ல் 24 மணி நேரப் பந்தயம் நடத்த ஆசைப்பட்டவர்கள் அதை இரண்டாக வெட்டினார்கள். பகலில் 12 மணி நேரம் ஓட்டி, ராத்திரி வண்டிகளைப் பூட்டி வைத்து, மறுநாள் பகலில் மீதி 12. பேர் ‘டபுள் ட்வெல்வ்’. 1931-ல் இதில் ஜெயித்தது ஒரு எம்ஜி கார்தான், நம்ம பெரியவர் காரின் தாத்தா.

பகல் சத்தமும் விவகாரமானது. 1920-களின் நடுவில் குடியிருப்பவர்கள் வழக்குப் போட, அங்கே ஓடும் எல்லா வண்டிக்கும் சைலன்சர் கட்டாயம் என்றானது. அப்படி வந்ததுதான் ‘புரூக்லேண்ட்ஸ் கேன்’: பெரிய டப்பா, கடைசியில் மீன் வால் மாதிரி தட்டையாக விரிந்த வாய். புரூக்லேண்ட்ஸ் இப்போது மியூசியம். ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தேன்.

பந்தயக்காரர்கள் வேண்டா வெறுப்பாக மாட்டிய அந்த டப்பா, கொஞ்ச காலத்தில் ஃபேஷன் ஆகிவிட்டது. பந்தயத்தை எட்டிப் பார்க்காதவர்களும் தங்கள் வண்டிக்கு மீன் வால் கேட்டு வாங்கினார்கள். சத்தத்தை அடக்கக் கோர்ட் படியேறிய மக்களால் பிறந்த பொருள், வேகத்தின் அடையாளமாக மாறிய கதை இது.

இன்னொன்றும் உண்டு. 1931-ல் ஜெயித்த எம்ஜி-யை ஓட்டிய இருவரில் ஒருவர் ‘ஏர்ல் ஆஃப் மார்ச்’. பின்னாளில் ரிச்மண்ட் டியூக் ஆகி, 1948-ல் தன் நிலத்தில் குட்வுட் பந்தயத் தளத்தைத் திறந்தவர் இவர்தான். இன்று சத்தக் கட்டுப்பாட்டுக்குப் பேர்போன தளங்களில் குட்வுட்டும் ஒன்று. பெரும்பாலான நாட்களில் டெசிபல் மீட்டர் அனுமதித்தால்தான் உள்ளே ஓட்ட முடியும்.

சத்தத்தை விற்றவர்

எதிர்ப்பக்கக் கதை இத்தாலியில் நடந்தது. வியன்னாவில் பிறந்து, பைக் பந்தயம் ஓட்டிய கார்லோ அபார்த், 1949-ல் சொந்தக் கம்பெனி ஆரம்பித்தார். பந்தயக் கார் செய்யப் பணம் வேண்டும். அதைக் கொடுத்தவற்றில் முக்கியமானது சைலன்சர் வியாபாரம். ஃபியட் மாதிரிச் சின்னக் கார்களுக்கு, கறுப்பு டப்பாவும் குரோம் பூசிய வாயுமாக மாட்டிவிடலாம். 1957-ல் வந்த ஃபியட் 500-ன் முதல் இன்ஜின் வெறும் 479 சிசி. அதற்குப் புது பைப் மாட்டினால் சக்தி கொஞ்சம் கூடலாம், ஆனா காதுக்கு அது வேறு கார். வாங்கியவர்களும் அதற்குத்தான் காசு கொடுத்தார்கள் என்பது என் எண்ணம். நம்ம புல்லட் பையனும் இந்த வரிசையில் வருகிறவன்தான்.

எம்ஜிபி-யின் தொண்டை

சரி, சத்தத்தை விடுங்கள், ‘ஸ்போர்ட்ஸ்’ பைப்பால் சக்தியாவது கூடுமா? இதற்கு இன்ஜினைப் பார்க்க வேண்டும்.

எம்ஜிபி-யில் இருப்பது 1798 சிசி, 4 சிலிண்டர். ஆனா புகை வெளியேறும் துளைகள் மூன்றுதான். 2-வது, 3-வது சிலிண்டர்கள் நடுத் துளையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. கேட்டால் மோசமாகத் தோன்றும். உண்மையில் வெடிக்கும் வரிசை 1-3-4-2 என்பதால், 2-க்கும் 3-க்கும் நடுவே சரியாக ஒரு முழுச் சுற்று இடைவெளி இருக்கிறது. ஒருத்தர் குளித்து முடித்துப் போன பிறகே அடுத்தவர் குளியலறைக்கு வருவது மாதிரி. சண்டையே இல்லை.

சண்டை உள்ளே வரும் வழியில். 1-ம் 2-ம் ஒரே துளையில், 3-ம் 4-ம் இன்னொரு துளையில் காற்றை இழுக்கின்றன. இங்கே இடைவெளி சமமாக இல்லை, ஒன்று இழுத்து முடிப்பதற்குள் மற்றது கை நீட்டும். இந்த இன்ஜினின் நெருக்கடி மூச்சை இழுப்பதில்தான். மூக்கு அடைத்திருப்பவனிடம் வாயைப் பெரிதாகத் திறந்து மூச்சு விடச் சொன்னால் எவ்வளவு பிரயோஜனம்? கம்பெனி கொடுத்த வார்ப்பிரும்பு மேனிஃபோல்டே போதுமான அளவு நல்லது என்று இந்தக் காரைக் கரைத்துக் குடித்தவர்கள் சொல்வதன் காரணம் இதுதான்.

பைப்பின் நீளத்திலும் கணக்கு உண்டு. வால்வு திறந்ததும் ஓர் அழுத்த அலை பைப் வழியே ஓடும். திறந்த முனையிலிருந்து உறிஞ்சும் அலையாகத் திரும்பும். சரியான நேரத்தில் வந்து சேர்ந்தால் மிச்சப் புகையை இழுத்துவிடும். சூடான புகையில் ஒலி வினாடிக்குச் சுமார் 520 மீட்டர் போகும் என்று வைத்தால், 1 மீட்டர் பைப்பில் போய்த் திரும்ப ஏறத்தாழ 4 மில்லி செகண்ட். 5000 ஆர்பிஎம்மில் அதற்குள் கிராங்க் 115 டிகிரி சுற்றிவிடும். 2500-ல் அதில் பாதிதான். அதனால் ஒரு வேகத்துக்குப் பொருந்தும் நீளம் இன்னொன்றுக்குப் பொருந்தாது. பந்தயத்தில் 5000-க்குக் கீழே இறங்காதவருக்குச் சரியான பைப், மனைவியோடு டீ குடிக்கப் போகிறவருக்குச் சரியில்லை.

அந்த ரீங்காரம்

60 மைலில் மட்டும் ஏன்? ஓவர்டிரைவ் இல்லாத எம்ஜிபி, டாப் கியரில் 1000 ஆர்பிஎம்முக்கு 17.9 மைல் வேகம் போகும். 60 மைல் என்றால் சுமார் 3350. நான்கு சிலிண்டரில் சுற்றுக்கு இரண்டு வெடிப்பு, ஆக வினாடிக்கு 112 துடிப்பு. சுமார் 110 ஹெர்ட்ஸ், அடித்தொண்டைச் சத்தம்.

அவர் வாங்கிய செட்டில் இருந்தது நேர்குழாய் சைலன்சர். ஓட்டை போட்ட குழாய், சுற்றிலும் இழைப் பஞ்சு. இந்தப் பஞ்சு கீச்சுச் சத்தத்தை நன்றாக உறிஞ்சும். அடித்தொண்டைச் சத்தத்துக்கு அது பெரிய தடை இல்லை. அதை அடக்க அறைகளும் தடுப்புகளும் வேண்டும். குடத்தின் வாயில் ஊதினால் ஒரே ஒரு சுருதி வரும் இல்லையா? அந்தத் தத்துவத்தைத் திருப்பிப் போட்டு, ஒரு குறிப்பிட்ட சுருதியை விழுங்கும் அறையைக் கட்டலாம். பழைய பாணி டப்பா செய்வது இதைத்தான். கனமாக இருக்கும், விளம்பரத்தில் எடுபடாது.

இங்கிலாந்துச் சட்டமும் பக்கத்து வீட்டுக்காரர் பக்கம்தான். 1986-ஆம் வருஷ விதிகளின்படி, வண்டி தயாரான பிறகு புகைபோக்கியைச் சத்தம் கூடும்படி மாற்றக் கூடாது. புரூக்லேண்ட்ஸ் வழக்குப் போட்டவர்களின் பேரன் பேத்திகள் எழுதிய மாதிரி இருக்கும்.

கடைசியில் என்ன வாங்கினோம்

உலோகம் மட்டும்தான் பாக்கி. சாதாரண இரும்பு மலிவு, ஆனா அவர் ஓட்டுவதெல்லாம் சின்னப் பயணம், சீக்கிரம் அரித்துவிடும். ஸ்டெயின்லெஸ்ஸில் 304 ரகம் துருவைத் தாங்கும். ஆனா சூட்டில் அதிகம் நீளும். 300 டிகிரி ஏறினால் மீட்டருக்கு 5 மிமீ, சாதாரண இரும்பு 3.6 மிமீ. அதனால் தொங்கும் ரப்பர் பட்டைகளில் கொஞ்சம் ஆட்டம் விட்டு மாட்ட வேண்டும். இறுக்கி மாட்டினால் பாடியில் உரசி வேறு புது சத்தம் வரும்.

நான் எழுதிக் கொடுத்தது இதுதான்: வார்ப்பிரும்பு மேனிஃபோல்டைத் தொட வேண்டாம். பைப் கம்பெனி கொடுத்த அகலத்திலேயே இருக்கட்டும். உள்ளே தடுப்பு வைத்த, பழைய பாணி இரண்டு டப்பா. உலோகம் மட்டும் 304. அதாவது 1967-ன் வடிவம், 1967-ல் இந்தக் காருக்குக் கொடுக்காத உலோகம். ஒரிஜினலா என்று கேட்டால் இல்லை.

மாட்டி முடித்த ஞாயிற்றுக்கிழமை பெரியவர் தனியாக நெடுஞ்சாலைக்குப் போய் 60 தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். “அந்தக் காலத்துச் சத்தம் இதுதானா?” என்று கேட்டேன். “தெரியலை, எனக்கு ஞாபகம் இல்லை” என்றார். அப்புறம் வீட்டுக்குள் போய் மனைவியைக் கூப்பிட்டார். அவர் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் ஏறினார். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது இருவரும் ஏதோ வழியைப் பற்றி வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். காது மெஷின் காதிலேயே இருந்தது.