கோடில்லாத பச்சை

நீர்வண்ண ஓவியம்போல் விளிம்புக்கோடின்றி நிறம் கசிந்து பரவும் பச்சைகுத்தலை இந்த நூற்றாண்டின் புதுமை என்கிறார்கள். பாதிதான் உண்மை. 1827 வாக்கில் ஜப்பானின் எடோ நகரில் ஓவியர் உதகவா குனியோஷி, ‘சுயிகோடென்’ என்ற வீரக்கதையின் நாயகர்கள் பலரை உடலெங்கும் பச்சை குத்தியவர்களாக மரக்கட்டை அச்சில் வெளியிட்டார். அச்சுக்காரர்கள் ஈரக் கட்டையில் மையைத் துடைத்து, அடர்நீலம் மெல்ல வெளிறி மறையச் செய்வார்கள். அதன் பெயர் ‘பொகாஷி’. பச்சை குத்துபவர்களும் அதே பெயரில் தோலில் நிழல் போட்டார்கள்: கைப்பிடியில் கட்டிய ஊசிக்கொத்து, கரிமை, விளிம்பில் நரைத்துப்போகும் மேகம். 1872-ல் மெய்ஜி அரசு பச்சைகுத்தலுக்குத் தடைபோட்டது. 1948 வரை தொழில் மறைவில் நடந்தது. ஆக, கசியும் நிறத்தின் மேல் மோகம் பழையது. கோட்டைக் கைவிட்ட துணிச்சல்தான் புதிது.

கோடில்லாவிட்டால் சில ஆண்டுகளில் வெறும் கறையாகிவிடும் என்பார்கள். தள்ளிவிட முடியாத ஆட்சேபம். தோலின் உள்ளடுக்கில் மைத்துகளை விழுங்கி வைத்திருக்கும் உயிரணுக்கள் மடிய மடிய, அடுத்தவை அவற்றை வாங்கிக்கொள்கின்றன. காலப்போக்கில் விளிம்பு மங்குகிறது. ஆனால் கோடும்தான் தடித்துப் பரவுகிறது! கசிவையே அழகாகக் கொண்ட படத்துக்கு மங்கல் பெரிய நட்டமில்லை. வெளிர்நிறத்தை மட்டும் நம்பிய படத்துக்குத்தான் நட்டம். ஜப்பானிய மரபில் குத்துபவர்கள் இன்றும் முதலில் கோட்டை இழுத்துவிட்டே நிழலுக்குப் போகிறார்கள்.