அச்சத்தைக் காணாத கண்: முகக்குறிப்புச் சோதனையும் பேராக் தோட்டத்து முகங்களும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவை அடுத்த தஞ்சோங் ரம்புத்தானில் 1911இல் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனைக்கு இன்று ‘பஹாகியா’ என்று பெயர். மலாயில் மகிழ்ச்சி என்று பொருள். பேராக் தமிழர் பேச்சிலோ அந்த ஊர்ப்பெயரே ஏச்சாகிவிட்டது. குற்றஞ்சாட்டப்பட்டவரின் மனநிலையில் ஐயம் எழுந்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 342ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றம் அவரை இத்தகைய மருத்துவமனைக்கு அனுப்பிக் கவனிக்கச் செய்யலாம். அங்கு வரும் ஒரு தோட்டத்துத் தமிழரின் முன் முகப்படங்களை வைத்து, ‘இது என்ன உணர்ச்சி?’ என்று கேட்கிறோம் என்று கொள்வோம். அச்சத்தை அவர் அடையாளம் காணவில்லை. அதைச் சைக்கோபதியின் சான்றாக எடுத்துக்கொள்ளலாமா? கூடாது என்பதே என் வாதம்.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிவிட வேண்டும். ‘சைக்கோ’ என்று நாம் வாய்க்கு வந்தபடி சொல்வதற்கும் சைக்கோபதிக்கும் தொடர்பில்லை. சைக்கோபதி உள்ளவருக்கு மாயக்குரல்கள் கேட்பதில்லை. அறிவும் பேச்சும் கோணுவதில்லை. குற்றவுணர்வும் பரிவும்தான் குன்றியிருக்கும். 1941இல் மனநல மருத்துவர் ஹெர்வி கிளெக்லி இதை விரித்தெழுதினார். பின்னர் உளவியலாளர் ராபர்ட் ஹேர் 20 கூறுகள் கொண்ட மதிப்பீட்டுப் பட்டியலை அமைத்தார். உச்ச மதிப்பெண் 40. வட அமெரிக்காவில் 30ஐ எட்டினால் சைக்கோபதி என்பது வழக்கம். முகம் படிக்கும் திறன் அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஜேம்ஸ் பிளேர் 1995இல் முன்வைத்த கருத்தின் வழியாகத்தான் அது சைக்கோபதி ஆய்வில் முதன்மை பெற்றது: எதிரிலிருப்பவரின் அச்சமும் துயரமும் அடிக்க ஓங்கிய கையைத் தடுக்கும், சிலரிடம் அந்தத் தடை வேலை செய்வதில்லை. அபிகேல் மார்ஷும் பிளேரும் 2008இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சமூக விரோத நடத்தை உள்ளவர்கள் அச்ச முகத்தை அறிவதில் பின்தங்கியிருந்தனர். இந்தக் கண்டுபிடிப்பை நான் மறுக்கவில்லை. அதைத் திருப்பிப் போட்டு, அச்சத்தை அறியாதவரிடம் பரிவில்லை என்று படிப்பதைத்தான் மறுக்கிறேன்.

இத்தகைய ஆய்வுகள் பலவற்றில் பயன்பட்டவை பால் எக்மனும் வாலஸ் ஃபிரீசனும் 1976இல் வெளியிட்ட கறுப்பு வெள்ளைப் படங்கள். எல்லாம் வெள்ளைக்காரர் முகங்கள். சுங்கை சிப்புட் பக்கத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய என் பெரியம்மாவிடம் அப்படியொரு அச்ச முகத்தைக் காட்டினேன். படத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். “வாயப் பொளந்து நிக்கிறா. எதப் பாத்துட்டாளாம்?” என்றார். அச்சம், வியப்பு, கோபம் என்று பட்டியலிட்டேன். “அது தெரிஞ்சாத்தானேய்யா சொல்ல முடியும்” என்று படத்தைத் திருப்பித் தந்துவிட்டார். சோதனைத் தாளில் அது தவறான விடை.

பெரியம்மா தனியாக இல்லை. பாப்புவா நியூகினியின் ஃபோரே மக்களிடம் எக்மனும் ஃபிரீசனும் நடத்திய ஆய்வு 1971இல் வெளிவந்தது. அம்மக்களும் அச்ச முகத்தை வியப்பு முகத்திலிருந்து பிரித்தறியவில்லை. அதற்காக ஃபோரே மக்களைப் பரிவற்றவர் என்று எவரும் சொல்லவில்லை. தஞ்சோங் ரம்புத்தானுக்கு வரும் தோட்டத்து மனிதருக்கும் அதே நியாயம் வேண்டும்.

தொல்காப்பியரின் மெய்ப்பாட்டியல் இங்கே பழம்பெருமைக்காக அல்லாமல் முறையியலுக்காகவே உதவுகிறது. மருட்கையும் (வியப்பு) அச்சமும் அதில் அடுத்தடுத்து வருகின்றன. இரண்டையும் பிரிப்பது முகத்தின் வடிவமன்று, பிறக்கும் காரணம். புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகியவற்றால் மருட்கை; அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை ஆகியவற்றால் அச்சம். பெரியம்மா கேட்டதும் அதே காரணத்தைத்தான்.

தலைவனைக் குறிக்கும் ‘இறை’ என்ற சொல் தோட்டத்தில் அதன் மேலாளரான ‘துரை’ ஆகிறது. விடியுமுன் பேர் பதியும் பெரட்டுக் களத்தில் நின்றவருக்குத் துரை, எழுத்தரான கிராணி, மேற்பார்வையாளரான கங்காணி ஆகியோரின் முகக்குறிப்பு அன்றைய கூலிக்குச் சமம். பேர் விழுமா, தள்ளிவிடுவார்களா, நல்ல மரங்கள் உள்ள நிரை கிடைக்குமா என்பதெல்லாம் அதில் இருந்தது. லயத்துக் குடியிருப்பு மக்களின் முகத்தைப் படிக்க வேண்டிய தேவை துரைக்கு அந்த அளவு இருந்ததில்லை. அவரைச் சைக்கோபதி உள்ளவர் என்று நான் சொல்ல வரவில்லை. பார்க்கும் பழக்கம், பார்த்தாக வேண்டிய நிலையிலிருந்து பிறக்கிறது என்பதே செய்தி.

ஆய்வகமும் இதற்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கிறது. மார்க் டாட்ஸ் குழு 2006இல் ஆஸ்திரேலியச் சிறுவர்களிடம் பார்த்தது: பிறர் துயரில் அசையாத சிறுவர்கள் அச்ச முகத்தை அறியத் தவறினார்கள். ‘கண்களைப் பார்’ என்று சொன்னதும் அந்தக் குறை நீங்கியது. திறன் உள்ளேதான் இருந்தது. கவனம் தானாகப் போகவில்லை. தெரியாததும் பாராததும் வேறு, தெரிந்தும் நெஞ்சு அசையாதது வேறு. சைக்கோபதியில் உண்மையாகவே அஞ்ச வேண்டியது கடைசியானது. படத்துக்குப் பெயர் சூட்டச் சொல்லும் சோதனை அதைத் தொடுவதில்லை.

எனவே பேராக்கில் இச்சோதனை வேண்டுமென்றால், இங்குள்ள முகங்களும் தோட்டத் தமிழும் அதில் இருக்க வேண்டும்; குரலும் இருக்க வேண்டும். மெய்ப்பாட்டை உணரக் கண்ணோடு செவியும் வேண்டும் என்பது தொல்காப்பியர் இலக்கணம். சைக்கோபதி உள்ளவர்கள் அச்சக் குரலை அறிவதிலும் பின்தங்கியதைப் பிளேரின் குழு 2002இல் காட்டியது. பெரட்டு நேரத்தில் யார் முகமும் சரியாகத் தெரியாது என்பார் பெரியம்மா. இருட்டில் கங்காணி இருமுவது கேட்கும். அன்றைக்கு அவர் என்ன மனநிலையில் வருகிறார் என்பதை அதை வைத்தே சொல்லிவிடுவார்களாம்.