பழைய கோல்ஃப் ஆட்டமும் ஒரு பெட்டி நெகிழ்வட்டுகளும்

சென்ற மாதம் ஆனைகட்டியில் எங்கள் வீட்டுப் பரணைத் தூய்மை செய்தபோது ஒரு தகரப் பெட்டி கிடைத்தது. என் தாய்மாமா 1990களில் கோவையில் டி.டி.பி. மையம் நடத்தியவர். அதை மூடியபின் பெட்டி தடாகம், மாங்கரை வழியாக மலையேறி இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. உள்ளே 23 நெகிழ்வட்டுகள். ஒன்றில் ‘கோல்ஃப்’ என்று அவர் கையெழுத்து. மற்றவற்றில் ‘அழைப்பிதழ்’, ‘நோட்டீஸ்’, ‘ஊர் வரலாறு’. யு.எஸ்.பி. இயக்கி ஒன்றை வாங்கிவந்து முதலில் செருகியது, ஆய்வாளனுக்கு அழகல்லதான், கோல்ஃப் வட்டையே. அந்த ஆட்டத்தை ஓடவைக்கப் பட்ட பாடு எனக்கு ஒரு வரலாற்றுப் பாடமாயிற்று. அதைப் பகிர்வதே இப்பதிவின் நோக்கம்.

கணிப்பொறிக் கோல்ஃபின் வரலாற்றில் தவிர்க்க இயலாத பெயர் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் இயங்கிய ஆக்செஸ் சாஃப்ட்வேர் நிறுவனம். 1986இல் காமடோர் 64 கணிப்பொறிக்கு அது வெளியிட்ட ‘லீடர் போர்டு’ பெரும் வரவேற்பைப் பெற்றது. அடுத்து ‘வேர்ல்டு கிளாஸ் லீடர் போர்டு’ வந்தது. ஐ.பி.எம். வகைக் கணிப்பொறிகளில், ‘பீப்’ ஒலி எழுப்புவதற்கென்றே வைத்திருந்த சிறு ஒலிபெருக்கியை மிக விரைவாக இயக்கியும் நிறுத்தியும் மனிதக் குரலையே கேட்கவைத்தார்கள். 1990இல் ‘லிங்க்ஸ்’ வந்தது. 1992இல் வந்த ‘லிங்க்ஸ் 386 புரோ’, பெயருக்கேற்ப 386 நுண்செயலி இல்லாத கணிப்பொறியில் ஓடவே மறுத்தது. அந்நிறுவனத்தை 1999இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது, 2004இல் அது டேக்-டூ நிறுவனத்தின் கைக்குப் போயிற்று, 2006இல் மூடப்பட்டது. ஆட்டங்கள் பிழைத்தன, ஆக்கியோரின் கூடம் பிழைக்கவில்லை.

இனி என் மடிக்கணினிக்கு வருகிறேன். கோப்பைச் சொடுக்கியதும் ‘இதனை இக்கணினியில் இயக்க இயலாது’ என்ற பொருளில் ஒரு செய்தி வந்தது. வட்டு பழுதில்லை. அந்த ஆட்டம் 16 பிட் நிரல். 64 பிட் விண்டோஸ் அத்தகைய நிரல்களை ஏற்பதில்லை. 2021இல் வந்த விண்டோஸ் 11, 64 பிட் வடிவில் மட்டுமே கிடைக்கிறது. ஓலைச்சுவடி கெடாமல் இருக்கிறது, ஆனால் அதன் எழுத்தறிந்தவர் வீட்டில் இல்லை என்பது போன்ற நிலை.

இதற்கு ஆர்வலர்கள் கண்ட வழி டாஸ்பாக்ஸ். 2002 முதல் இலவசமாகக் கிடைக்கும் இம்மென்பொருள், இன்றைய கணினிக்குள்ளே பழைய கணிப்பொறி ஒன்றைப் போல நடிக்கிறது. அதற்குள் ஆட்டம் திறந்தது. ஆனால் ஆட முடியவில்லை. கோல்ஃபில் அடியின் உயிர் நேரத்தில் இருக்கிறது. பொத்தானை அழுத்தியதும் ஆற்றல் அளவுகோல் ஏறும். உரிய இடத்தில் நிறுத்த வேண்டும். மட்டை இறங்கும்போது சரியான கோட்டில் மறுபடி அழுத்த வேண்டும். என் திரையில் அந்த அளவுகோல் கண் இமைக்குமுன் ஏறி இறங்கி முடிந்துவிட்டது.

காரணம் எளியது. 1981இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யின் நுண்செயலி 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடியது. அக்கணிப்பொறியில் விநாடிக்கு ஏறத்தாழ 18.2 முறை துடிக்கும் கடிகாரம் ஒன்று உண்டு. அதைப் பார்த்து நேரம் கணித்த நிரல்கள் பிற்காலத்திலும் தடுமாறவில்லை. ஆனால் பல நிரலாளர்கள், ‘இத்தனை முறை எண்ணி முடித்தால் இவ்வளவு நேரம் ஆகும்’ என்று நுண்செயலியின் வேகத்தையே கடிகாரமாகக் கொண்டார்கள். வேகமான பொறிகள் வந்ததும் அந்தக் கணக்கு குலைந்தது. பழைய கணிப்பொறிகளின் முகப்பில் இருந்த ‘டர்போ’ பொத்தானை நினைவிருக்கிறதா? வேகத்தைக் கூட்டவே அது என்று நம்பினோம். அது பெரிதும் பயன்பட்டது பழைய நிரல்களுக்காக வேகத்தைக் குறைக்கத்தான்.

டாஸ்பாக்ஸில் இதற்கு ‘சைக்கிள்ஸ்’ என்ற அமைப்பு உண்டு. எளிய டாஸ் நிரல்களுக்கு அது தானாக எடுத்துக்கொள்ளும் மதிப்பு 3000. அதைச் சிறிது சிறிதாகக் குறைத்து, அளவுகோல் விரலுக்கு அடங்கும் வேகத்தைக் கண்டேன். ‘லிங்க்ஸ் 386 புரோ’ போன்ற பின்னாளைய ஆட்டத்துக்கோ இதே மதிப்பைப் பன்மடங்கு உயர்த்த வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அதன் ஆண்டைத் திருப்பித் தர வேண்டியிருக்கிறது.

அடுத்து வந்தது வடிவக் கோளாறு. அக்காலத்துத் திரை 320 × 200 புள்ளிகள் கொண்டது. அது 4:3 விகிதக் கண்ணாடித் திரையில் விரிந்ததால் ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட உயரம் மிகுந்திருந்தது. இன்றைய திரையின் சதுரப் புள்ளிகளில் மரங்கள் குட்டையாகின்றன, மேடுகள் தட்டையாகின்றன. உயரத்தை 240 புள்ளிக்கு நீட்டும் விகிதத் திருத்தத்தை இட்டதும் ஓவியன் வரைந்த மலை திரும்பி வந்தது. கம்பியில்லாச் சுட்டியும் தொலைக்காட்சித் திரையும் சேர்க்கும் நுண்ணிய தாமதம்கூட அடியைக் கெடுக்கும். கம்பியுள்ள சுட்டிக்கு மாறினேன். அன்றிரவு பந்து குழியில் விழுந்தது.

ஒரு மென்பொருளைக் காப்பதென்றால் வட்டில் உள்ளதைப் படியெடுத்து வைப்பது மட்டுமன்று. அது எந்தப் பொறியை நம்பிப் பிறந்ததோ அந்தப் பொறியின் வேகம், திரை, கடிகாரம் யாவற்றையும் காப்பதாகும். இதை உணர்ந்த பிறகே ‘ஊர் வரலாறு’ என்ற வட்டைச் செருகினேன். எங்கள் பகுதி முதியவர்களிடம் கேட்டு மாமா எழுதி, அச்சேறாமலே போன குறிப்புகள் அவை. சொன்னவர்களில் ஒருவரும் இன்று இல்லை, மாமாவும் இல்லை. கோப்பு திறந்தது. திரை முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும்.

தமிழ்க் கணிமையின் வரலாறு அறிந்தோர்க்கு இது புதிதன்று. 1980களிலேயே கனடாவில் கு. சீனிவாசன் ‘ஆதமி’யையும் மலேசியாவில் முத்து நெடுமாறன் ‘முரசு’வையும் உருவாக்கினர். பின்னர் எழுத்துருக்கள் பெருகின. ஒவ்வொன்றும் ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களில் தமிழ் எழுத்துகளைத் தத்தம் விருப்பப்படி அமர்த்திக்கொண்டது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் குறியாக்கங்களைத் தரப்படுத்தியது. 2010இல் ஒருங்குறியை ஏற்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் தட்டச்சான பக்கங்கள் அந்தந்த எழுத்துரு இருந்தால் மட்டுமே தமிழ், இல்லையேல் கிறுக்கல்.

கோல்ஃப் கற்றுத்தந்த வழியையே இங்கும் பின்பற்றினேன். பெட்டியிலிருந்த வேறொரு வட்டில் அந்த எழுத்துரு இருந்தது. டாஸ்பாக்ஸுக்குள் விண்டோஸ் 3.1ஐ நிறுவி, எழுத்துருவைச் சேர்த்துக் கோப்பைத் திறந்தபோது மாமா கண்ட திரையையே நானும் கண்டேன். பிறகு எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று அட்டவணை இட்டு ஒருங்குறிக்கு மாற்றினேன். அதிலும் ஒரு சிக்கல்: அந்த எழுத்துருவில் ‘கெ’ என்பதில் கொம்பு முதலில், ககரம் பிறகு, ஒருங்குறியிலோ ககரம் முதலில் பதிவாகும். வரிசையை மாற்றாவிட்டால் ஒவ்வொரு கொம்பும் முந்தைய எழுத்தின்மேல் ஏறிக்கொள்ளும். பதினொரு பக்கங்கள் மீண்டன. நான்கு வட்டுகள் எவ்வளவு முயன்றும் படிக்கவில்லை. அவற்றின் காந்தப்பூச்சு உதிர்ந்திருந்தது.

கோல்ஃப் ஆட்டங்களுக்கு உலகெங்கும் காவலர்கள் உண்டு. நம் ஊர்க் குறிப்புகளுக்கு நம்மைத் தவிர யாருமில்லை. உங்கள் வீட்டுப் பரணிலோ மூடிய அச்சகத்திலோ நெகிழ்வட்டுகள் இருந்தால், தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். முதலில் முழு வட்டையும் உள்ளபடியே படியெடுங்கள். கோப்பை மட்டுமன்றி, எழுத்துருவையும் அதைத் தட்டச்சு செய்த மென்பொருளையும் சேர்த்தே வையுங்கள். மாற்றுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.