ஐந்து நாள் நேர்காணலின் வரலாறு

இந்திய முப்படைகளில் அதிகாரியாகச் சேர விரும்புவோர் ஐந்து நாட்கள் தங்கியிருந்து எதிர்கொள்ளும் எஸ்.எஸ்.பி. எனப்படும் படைப்பணித் தேர்வு வாரியத்தின் நேர்காணல், இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் ராணுவத்துக்கு நேர்ந்த அதிகாரிப் பற்றாக்குறையிலிருந்து தோன்றியது. அதுவரை குடும்பம், பள்ளி, விளையாட்டு பற்றிச் சிறிது நேரம் பேசிப் பார்த்தே ஆளைத் தேர்ந்தனர். படை பெருகி, உயர்குடிக்கு வெளியிலிருந்தும் ஆட்களை எடுக்க நேர்ந்தபோது, தேர்வானவர்களில் பலர் பயிற்சியிலேயே தோற்றுத் திரும்பியதால் அம்முறையின் போதாமை வெளிப்பட்டது.

ஜெர்மன் ராணுவ உளவியலாளர்கள் முன்னரே கையாண்ட பல நாள் சோதனைகளையும் கருத்தில் கொண்டு, 1942இல் எடின்பரோவில் ஒரு பரிசோதனை வாரியம் அமைக்கப்பட்டது. அங்கே உளமருத்துவர் வில்ஃபிரட் பியான் வகுத்த தலைவரில்லாக் குழுச் சோதனையில், ஒரு குழுவுக்கு வேலை மட்டும் தரப்படும். தலைவர் யாரென்று சொல்லப்படாது. யார் முந்துகிறார், யார் பிறர் பேச்சுக்குச் செவிகொடுக்கிறார் என்பது தானாகத் தெரியவந்தது. மறு ஆண்டே இம்முறை டேராடூனுக்கு வந்தது. ஆங்கிலேயர் போன பின்பும் அது நிலைத்தது. காலனிய அமைப்புகளில் இவ்வளவு சேதாரமின்றித் தப்பியவை குறைவு.

உளவியலாளர், குழுப்பணி அதிகாரி, நேர்காணும் அதிகாரி ஆகிய மூவரும் தனித்தனியே மதிப்பிடுவதை வாரிய வட்டாரத்தில் மனசா, வாசா, கர்மணா (மனத்தால், சொல்லால், செயலால்) என்பர். பெயருக்குப் பதில் மார்பில் கட்டிய எண்ணால் அழைக்கப்படும் தேர்வர், திரையில் தோன்றும் ஒவ்வொரு சொல்லுக்கும் 15 விநாடிக்குள் ஒரு வாக்கியம் என 60 சொற்களுக்கு எழுத வேண்டும். நேர்காணலிலோ, பத்தாம் வகுப்பு மதிப்பெண், பிடித்த ஆசிரியர், பிடிக்காத ஆசிரியர், நண்பர்கள், தோல்வியில் செய்தது எனப் பல கேள்விகள் ஒரே மூச்சில் தொடுக்கப்பட, அவர் அவற்றை நினைவில் வைத்து வரிசையாகப் பதிலளிக்க வேண்டும். நடந்ததைக் கேட்டு நடக்கப்போவதை ஊகிக்கும் இவ்வகைக் கேள்விகளுக்கு அடிப்படை, அவரே முன்கூட்டி நிரப்பித் தந்த தன்விவரப் படிவம்.

ஒத்திகை பார்க்காத மனிதனைக் காண்பதற்கென்றே வகுக்கப்பட்ட முறைக்கு ஒத்திகை பார்க்க வைப்பதே ஒரு தொழிலாயிற்று. ஓய்வுபெற்ற அதிகாரிகள் பலர் பயிற்சி மையங்கள் தொடங்கினர். படம் பார்த்துக் கதை எழுதும் சோதனைக்கு மனப்பாடக் கதைகள் மலிந்தன. கதையில் ஊரையே காப்பாற்றும் நாயகனைப் படைத்தவர், மறுநாள் திடலில் பலகையும் கயிறும் மரக்கட்டையும் கொண்டு தடையைத் தாண்டும்போது பின்வரிசையில் ஒதுங்கி நின்றால், எழுத்தும் செயலும் முரண்படுவதை மதிப்பீட்டாளர்கள் கவனிப்பர். ஆகவே ஆயத்தத்தில் உருப்படியானது தன் படிவத்தைத் தானே குறுக்கு விசாரணை செய்து பார்ப்பதுதான். மையங்கள் இதையும் கற்பிக்கின்றன, கட்டணத்துக்கு.

ஐந்தாம் நாள் முழு வாரியத்தின் முன் நடக்கும் கலந்தாய்வு பலருக்கு ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும். விளிம்பில் நிற்பவரிடம் மட்டும் கேள்விகள் நீளும். தேறியவர்கள் மருத்துவப் பரிசோதனைக்குத் தங்க, மற்றவர்கள் ஊர் திரும்புகின்றனர். வயது வரம்பு இடம் தருமட்டும் அவர்களில் பலர் மீண்டும் மனுச் செய்கின்றனர்.