தனியாகப் போன இடம்

கல்லூரி மலருக்காக, திருச்சியில் பார்க்க வேண்டிய இடங்கள் என்று என் மாணவிகள் ஒரு பட்டியல் எழுதி வந்தார்கள். மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம், முக்கொம்பு, கல்லணை. இதில் எந்த இடத்துக்கு யார் தனியாகப் போயிருக்கிறீர்கள் என்று கேட்டேன். யாரும் வாய் திறக்கவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி, "தென்னூர் உழவர் சந்தைக்குப் போவேன் மேடம், காய் வாங்க" என்றாள். வகுப்பு சிரித்தது.

இந்த ஊரைக் கல்லூரி நகரம் என்கிறோம். யாருக்கு, எப்போதிலிருந்து? நாகப்பட்டினத்தில் 1844இல் தொடங்கிய தூய வளனார் கல்லூரி 1883இல் இங்கே வந்தது. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் பெண்களுக்கான ஹோலி கிராஸ் கல்லூரி வந்தது 1923இல். அந்தக் கூப்பிடு தூரத்தைக் கடக்க 40 ஆண்டுகள். சீதாலட்சுமி ராமசுவாமி கல்லூரி 1951இல்தான்.

என் அம்மா எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர். கொள்ளிடத்துக்கு வடக்கே ஊர். தெப்பக்குளத்துப் பக்கம் அவர் முதன்முதலாக வந்தது கல்யாணப் புடவை எடுக்க. கடை வாசலில் நின்று, புத்தகத்தோடு போகிற பெண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். புடவையின் நிறம் என்னவென்று கேட்டால் இன்றும் யோசிப்பார்.

மலைக்கோட்டை ஈசனுக்குத் தாயுமானவர் என்று பெயர். காவிரியில் வெள்ளம், பிள்ளைப்பேற்று வலியில் துடித்த ரத்னாவதியிடம் அவள் தாயால் வர முடியவில்லை, ஈசனே தாயாக வந்து பிரசவம் பார்த்தார் என்பது தலபுராணம். சித்திரைத் திருவிழாவில் ஆண்டுதோறும் அது செட்டிப்பெண் மருத்துவமாக நடக்கிறது. எல்லோரும் வந்த தாயைக் கும்பிடுகிறோம். அக்கரையில் நின்றுவிட்ட தாய்க்கு என்ன ஆயிற்று என்று புராணத்தில் யாரும் கேட்பதில்லை. எனக்கு அவளைத்தான் தெரியும்.

மலையடிவாரத்தில் ராணி மங்கம்மாள் மகால், இப்போது அரசு அருங்காட்சியகம். பேரனுக்காக 1689 முதல் 1706 வரை நாட்டை ஆண்டவள் பெயரில் இருக்கிறது. நான் தங்கிப் படித்த விடுதியில் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் வெளியே போகலாம். அதற்குள் மலையேறி, மூச்சு வாங்கி, ஓடி இறங்குவோம். உச்சியிலிருந்து சூரியன் மறைவதை நான் பார்த்தது வேலைக்குச் சேர்ந்த பிறகுதான். அன்றும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

உழவர் சந்தையையும் பட்டியலில் சேர்க்கச் சொன்னேன். மணி அடித்ததும் அந்தப் பெண் என்னிடம் வந்தாள். "காய் வாங்கிட்டு டீக்கடையில உட்கார்ந்து ஒரு டீ குடிப்பேன் மேடம். தனியாத்தான். வீட்ல தெரியாது. அதை எழுதிடாதீங்க."

பெயர் எழுதவில்லை.